பேஸ்பால் அணி ஊர் மாறினால், எந்த ஊர் தாங்கும்?

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்து கொலிசியத்தில் 46,889 பேர் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தார்கள். சொந்த அணியான அத்லெட்டிக்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்றது. கலிஃபோர்னியாவின் அந்தத் துறைமுக நகரத்தில் 1968 முதல் ஆடிவந்த அணிக்கு அங்கே அதுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருடத்திலிருந்து சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சிறிய மைதானத்தில் ஆடுகிறார்கள். 2028-ல் லாஸ் வேகஸ் போவதாகத் திட்டம்.

ஏன் போனார்கள் என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் பதில், ஓக்லாந்தால் ஓர் அணியைத் தாங்க முடியவில்லை என்பது. 2023 சீசன் முழுக்க அங்கே வந்தவர்கள் சுமார் 8.3 லட்சம். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகின் 30 அணிகளில் அதுதான் மிகக் குறைவு. ஆனால் இதே ஊர், இதே மைதானம், 1990-ல் 29 லட்சம் பேரைக் கூட்டியது. அதற்குப் பிறகு ஊரின் மக்கள்தொகை குறைந்துவிடவில்லை, சுற்றுவட்டாரத்தின் வருமானமும் ஏறித்தான் இருக்கிறது. மாறியவை வேறு. 1995-ல் அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் ஓக்லாந்துக்குத் திரும்பியபோது அவர்களுக்காக எழுப்பிய ராட்சத கேலரி, மைதானத்துக்குப் பின்னால் தெரிந்த மலைகளை மறைத்தது. நல்ல ஆட்டக்காரர்கள் சம்பளம் ஏறும் நேரம் பார்த்து வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். புது மைதானம் வருகிறது வருகிறது என்று இருபது வருடம் ஓடியது. முதலில் தமிழர்கள் நிறைய வாழும் ஃப்ரீமாண்ட், அப்புறம் சான் ஹோசே, கடைசியாக ஓக்லாந்து துறைமுகத்தின் ஹோவர்ட் டெர்மினல். எதுவும் நடக்கவில்லை.

2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் சொல்லிவைத்து ஒரே நாளில் திரண்டார்கள். அதுவரை ஆறேழாயிரம் பேர் வந்துகொண்டிருந்த வார நாள் ஆட்டத்துக்கு 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். ஓர் ஊருக்கு அணி மேல் பற்று இருக்கிறதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எனவே எந்த ஊர் தாங்கும் என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க முடியாது. எந்த முதலாளியை, எந்த இடத்தில் கட்டிய மைதானத்தை, யார் கொடுக்கும் பணத்தை என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதுதான். ஆனாலும் ஊர்களுக்குள் உண்மையான வித்தியாசங்கள் இருக்கின்றன. அவற்றை அளக்கவும் வழி இருக்கிறது.

81 ஆட்டங்களின் கணக்கு

மேஜர் லீக் அணி ஒன்று வருடத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் 81 சொந்த ஊரில். ஐபிஎல் அணி லீக் சுற்றில் சொந்த ஊரில் ஆடுவது 7 ஆட்டம். அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 8 அல்லது 9. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி இரண்டுக்கும் 41. வாரத்துக்கு ஒரு நாள் திருவிழா மாதிரி வந்துபோகும் கால்பந்துக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருவார்கள். ஏப்ரல் மாதக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவு, தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பார்க்க அவ்வளவு தூரம் யாரும் வர மாட்டார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பவர்கள்தான் பேஸ்பாலின் அடித்தளம். ஆட்டத்துக்கு 25,000 பேர் என்று வைத்தால்கூட வருடத்துக்கு 20 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்க வேண்டும்.

இதனால்தான் ஒரு லட்சம் சொச்சம் மக்களே இருக்கும் கிரீன் பே போன்ற ஊரால் கால்பந்து அணியை வைத்திருக்க முடிகிறது, பேஸ்பால் அணியை வைத்திருக்க முடியாது. கால்பந்தில் பெரும்பணம் தேசிய டிவி ஒப்பந்தத்திலிருந்து வருகிறது, அதை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. பேஸ்பாலில் அணியின் வருமானத்தில் பெரிய பங்கு உள்ளூரிலேயே பிறக்கிறது: டிக்கெட், மைதானத்தில் விற்கும் சாப்பாடு, பீர், பார்க்கிங், உள்ளூர் டிவி. இதில் மிக முக்கியம், கம்பெனிகள் வாங்கும் சீசன் டிக்கெட்டும் சொகுசு அறைகளும். பெரிய தலைமை அலுவலகங்கள் இல்லாத ஊருக்கு அங்கேதான் இடிக்கும். ஊரில் ஏற்கெனவே இரண்டு மூன்று பெரிய அணிகள் இருந்தால், அதே கம்பெனிகளின் அதே விளம்பரப் பணத்துக்குப் போட்டி வேறு.

மக்கள்தொகை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு மில்வாக்கி நல்ல சான்று. 2020 கணக்கெடுப்பின்படி அதன் பெருநகரப் பகுதியில் சுமார் 15.7 லட்சம் பேர். மேஜர் லீக் ஊர்களிலேயே இதுதான் சிறியது. ஆனால் 2024-ல் அங்கே ப்ரூவர்ஸ் அணியைப் பார்க்க 25 லட்சம் பேர் வந்தார்கள். மழையோ குளிரோ ஆட்டம் நின்றுபோகாத, மூடித் திறக்கும் கூரை கொண்ட மைதானம், விஸ்கான்சின் மாநிலம் முழுக்க இது நம் அணி என்ற நினைப்பு, வருடாவருடம் போட்டியில் நிற்கும் அணி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஊரின் அளவு இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

இன்னொன்று டிவி. முன்பெல்லாம் ஓர் ஊரின் தகுதியைப் பேசும்போது, அதன் டிவி சந்தை அமெரிக்காவில் எத்தனையாவது இடம் என்பதுதான் முதல் கேள்வி. கேபிள் இணைப்பு வைத்திருந்த ஒவ்வொரு வீடும், பேஸ்பால் பார்க்காவிட்டாலும், அதற்கும் சேர்த்து மாதக் கட்டணம் கட்டியது. அந்தப் பணத்தில்தான் பல அணிகள் வாழ்ந்தன. மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கியதும் அது ஆட்டம் கண்டது. பல அணிகளின் ஒளிபரப்பை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதிலிருந்து முதலாளிகளின் கண் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: மைதானத்தைச் சுற்றியுள்ள நிலம். 2017-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் நகர மையத்தை விட்டுப் புறநகரான காப் கவுன்டிக்குப் போனபோது, மைதானத்தோடு சேர்த்துக் கடைகள், அலுவலகங்கள், வீடுகள், ஓட்டல் என்று ஒரு சிறு நகரத்தையே கட்டினார்கள். ஆட்டம் இல்லாத 284 நாட்களிலும் வாடகை வரும். இன்று இடம் மாற நினைக்கும் எந்த முதலாளியும் இப்படிப்பட்ட நிலத்தைத்தான் தேடுகிறார், அதோடு அரசுப் பணத்தையும். மைதானத்துக்குக் கொட்டும் வரிப்பணம் அந்த ஊருக்கு லாபமாகத் திரும்புவதில்லை என்பதில் பொருளாதார ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடே கிடையாது. இருந்தும் ஊர்கள் கொடுக்கின்றன.

கைவிட்டுப் போனவையும் திரும்பி வந்தவையும்

பேஸ்பாலில் இடமாற்றம் ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1903-லிருந்து 1952 வரை ஓர் அணிகூட ஊர் மாறவில்லை. 1953-ல் பாஸ்டன் பிரேவ்ஸ் மில்வாக்கிக்குப் போனது. பாஸ்டனில் முந்தைய வருடம் மொத்தமே 2.8 லட்சம் பேர் பார்த்த அணியை, மில்வாக்கியில் முதல் வருடமே 18 லட்சம் பேர் பார்த்தார்கள். மற்ற முதலாளிகள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? 1954-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பால்டிமோருக்கு, 1955-ல் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் கன்சாஸ் சிட்டிக்கு, 1958-ல் நியூயார்க்கின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போயின. ஊர் மாற்றத்தில் அத்லெட்டிக்ஸ் பழைய கை என்பது இதிலிருந்து தெரியும். ஃபிலடெல்ஃபியா, கன்சாஸ் சிட்டி, ஓக்லாந்து, இப்போது சாக்ரமென்டோ வழியாக லாஸ் வேகஸ்.

மில்வாக்கியின் கதை அங்கே முடியவில்லை. அதே பிரேவ்ஸ் பதினோரு வருடம் கழித்து, தெற்கே பரந்து கிடந்த டிவி சந்தையைத் தேடி அட்லாண்டாவுக்குப் போக முடிவெடுத்தது. போகப்போகிறது என்று தெரிந்த கடைசி வருடமான 1965-ல் வந்தவர்கள் 5.5 லட்சம். இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மில்வாக்கி தாங்காத ஊர் என்றுதான் எழுதியிருப்போம். ஐந்து வருடத்தில், சியாட்டிலில் ஒரே சீசன் ஆடித் திவாலான பைலட்ஸ் அணியை உள்ளூர் கார் வியாபாரி பட் செலிக் வாங்கி மில்வாக்கிக்குக் கொண்டுவந்தார். அதுதான் நான் மேலே சொன்ன ப்ரூவர்ஸ்.

இதே மாதிரி மற்றவற்றையும் பாருங்கள். கன்சாஸ் சிட்டி 1967-ல் அணியை இழந்தது, 1969-ல் புது அணி பெற்றது. சியாட்டில் 1970-ல் இழந்தது, வழக்குப் போட்டு 1977-ல் பெற்றது. வாஷிங்டன் இரண்டு முறை இழந்தது. 2005-ல் மான்ட்ரியாலின் அணி அங்கே வந்தது. தாங்காத ஊர் என்று முத்திரை குத்தப்பட்ட ஊர்கள் ஒவ்வொன்றும் வேறு முதலாளி, வேறு மைதானம் கிடைத்ததும் தாங்கின. இந்த வரலாற்றுக்குப் பிறகும், கூட்டம் குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்தை வைத்து ஓர் ஊரைத் தீர்த்துக்கட்டுவது நியாயமில்லை.

இப்படி ஊர்களுக்குள் ஏலம் நடப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. வேறெந்த விளையாட்டுக்கும் அந்த முழு விலக்கு இல்லை. அதனால் எந்த அணி எங்கே போகலாம், எந்த ஊர் யாருடைய எல்லை என்பதையெல்லாம் முதலாளிகளே கூடி முடிவு செய்யலாம். அத்லெட்டிக்ஸ் சான் ஹோசேவுக்குப் போக முடியாமல் போனது இதனால்தான். அது சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் எல்லை என்றார்கள். சான் ஹோசே நகரம் நீதிமன்றம் போனது. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அணிகளின் எண்ணிக்கையை லீக் கட்டுக்குள் வைத்திருப்பதால், தகுதியுள்ள சில ஊர்கள் எப்போதும் காலியாகவே இருக்கும். காலியாக இருக்கும் ஊர்தான் முதலாளியின் துருப்புச் சீட்டு.

அந்த விளையாட்டில் ரொம்பவே அடிபட்டது ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அணியே இல்லாத நேரத்தில் நம்பி ஒரு மூடிய மைதானத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1988-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அங்கே போய்விடுவதாகச் சொல்லி, இல்லினாய் சட்டமன்றத்தை நள்ளிரவில் புது மைதானத்துக்குப் பணம் ஒதுக்க வைத்தது. 1990-ல் மைதானம் திறந்தது, அணி இல்லை. 1992-ல் ஜயன்ட்ஸ் வருவதாக ஒப்பந்தமே ஆனது, லீக் தடுத்தது. கடைசியில் 1998-ல் டெவில் ரேஸ் என்ற புது அணி கிடைத்தது. 2008-லும் 2020-லும் மேஜர் லீகின் இறுதிச் சுற்றான உலகத் தொடர் வரை போன அணி அது. அப்படியும் கூட்டம் சேரவில்லை. டாம்பா பே பகுதியில் 30 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். ஆனால் மைதானம் இருப்பது ஒரு தீபகற்பத்தின் ஓரத்தில். பெரும்பாலானவர்கள் வேலை முடிந்து பாலம் தாண்டி வர வேண்டும். 2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்த மைதானத்தின் கூரையைக் கிழித்துப் போட்டது. 2025 சீசனை அணி டாம்பாவில், யாங்கீஸ் பயிற்சி எடுக்கும் சிறிய மைதானத்தில் ஆடியது. அதே வருடம் சுமார் 170 கோடி டாலருக்குப் புதிய முதலாளிகளிடம் அணி கைமாறியது. அவர்கள் டாம்பா பக்கம் இடம் பார்க்கிறார்கள். சரியான ஊர், தவறான முனை. வேறு மாநிலம் போகாமலே, அரை மணி நேரத் தூரம் நகர்ந்தாலே இந்த அணி பிழைக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதுள்ள ஊர்கள்

லாஸ் வேகஸிலிருந்து தொடங்கலாம், முடிவாகிவிட்ட ஒன்று என்பதால். 2023 ஜூனில் நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் ஒதுக்கியது. அதே நவம்பரில் 30 முதலாளிகளும் ஒருமனதாகச் சம்மதித்தார்கள். பழைய ட்ராப்பிகானா ஓட்டலை வெடி வைத்துத் தகர்த்த இடத்தில், சுமார் 9 ஏக்கரில், 33,000 பேர் உட்காரும் மைதானம் எழுகிறது. பெருநகரப் பகுதியில் 23 லட்சம் பேர். டிவி சந்தையில் நாட்டில் 40-வது இடத்தையொட்டி நிற்கிறது; ஊரைத் தாண்டினால் பாலைவனம். வேகஸ் ஆதரவாளர்கள் சொல்வது, வருடத்துக்குப் பல கோடிச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அவர்களில் சிலர் வந்தாலே போதும் என்று. கால்பந்துக்கு அது பலித்தது. ஓக்லாந்திலிருந்து வேகஸுக்கு மாறிவந்துவிட்ட ரெய்டர்ஸின் எதிரணி ரசிகர்கள் வார இறுதியை வேகஸில் கழிக்கப் பறந்து வருகிறார்கள். ஆனால் 81 இரவுகள்? உள்ளூர்க்காரர்களில் பெரும்பகுதி ஓட்டல்களிலும் சூதாட்ட விடுதிகளிலும் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள்; ஆட்டம் நடக்கும் மாலை நேரம் அவர்களுக்கு வேலை நேரம். 2017-ல் வந்த கோல்டன் நைட்ஸ் ஐஸ் ஹாக்கி அணியை உள்ளூர் மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்பது உண்மை. ஆனால் அது அவர்களுடைய முதல் அணி, அங்கேயே பிறந்த அணி. வரிசையில் நின்ற ஊர்களில், பேஸ்பாலுக்கு மிகச் சந்தேகமான சந்தையை லீக் தேர்ந்தெடுத்துவிட்டது என்பது என் கருத்து.

தற்காலிக வீடான சாக்ரமென்டோவை எடைபோட 2025-ன் எண்களைப் பயன்படுத்தக் கூடாது. மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகுக்குக் கட்டிய, 14,000 பேர் அளவுக்கே இடமுள்ள மைதானம். சராசரிக் கூட்டம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஆனால் அணி தன் பெயரோடு சாக்ரமென்டோவைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வெறும் அத்லெட்டிக்ஸ் என்றுதான் ஆடுகிறது. மூன்று வருடத்தில் போய்விடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு வந்த அணியை நேசி என்று ஓர் ஊரிடம் கேட்க முடியாது. 24 லட்சம் மக்கள், முதல் இருபதை ஒட்டிய டிவி சந்தை, ஊரில் ஒரே ஒரு பெரிய அணியாகக் கூடைப்பந்து கிங்ஸ். காகிதத்தில் பார்த்தால் வேகஸைவிட இதுவே நல்ல சந்தை.

உடனே நாளைக்கே ஓர் அணி வந்து இறங்கினால் மிகத் தயாராக இருப்பது சால்ட் லேக் சிட்டி. நகரப் பகுதியை மட்டும் எண்ணினால் 12.6 லட்சம்தான். ஆனால் வடக்கே ஆக்டனிலிருந்து தெற்கே ப்ரோவோ வரை மலையடிவாரத்தில் ஒரே கோடாக நீளும் நகரங்களைச் சேர்த்தால் 25 லட்சத்தைத் தாண்டும். அதோடு நாட்டிலேயே இளம் வயதினர் அதிகமுள்ள மாநிலம் யூட்டா. மில்லர் குடும்பம் முப்பது வருடத்துக்கு மேல் அங்கே ஜாஸ் கூடைப்பந்து அணியை நடத்தியது, ஆகவே அனுபவமுள்ள முதலாளி இருக்கிறார். நிலம் இருக்கிறது. 2024-ல் சட்டமன்றம் மைதானத்துக்காக 90 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்தது. அதே வருடம் அரிசோனாவின் ஹாக்கி அணி சில வாரங்களில் அங்கே இடம் மாறி வந்தது. ஊரின் வேகம் எல்லோருக்கும் தெரிந்தது. குறைகளும் உண்டு. மக்களில் பெரிய பங்கினர் மார்மன் திருச்சபையினர். ஞாயிற்றுக்கிழமை பலர் மைதானத்துக்கு வர மாட்டார்கள், பீர் விற்பனையும் மற்ற ஊர்கள் அளவுக்கு இருக்காது. பேஸ்பாலின் ஞாயிறு மதிய ஆட்டம் குடும்பங்கள் திரளும் ஆட்டம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஹாக்கி வந்த பிறகு கம்பெனிப் பணமும் இரண்டாகப் பிரிகிறது.

போர்ட்லாண்டுக்கு 25 லட்சம் மக்கள், மழை பெயர் பெற்ற ஊர் என்றாலும் கோடையில் வறண்ட, இதமான வானிலை. கூடைப்பந்தில் ட்ரெயில் பிளேஸர்ஸ், சாக்கரில் (நாம் கால்பந்து என்று சொல்வது) டிம்பர்ஸ் தவிரப் பெரிய அணி இல்லை. டிம்பர்ஸுக்கு நிரம்பும் கேலரிகளைப் பார்த்தால் உள்ளூர் அணி மேல் அங்குள்ளவர்களுக்கு எவ்வளவு ஈடுபாடு என்பது புரியும். ஓரிகன் மாநிலம் 2025-ல் 80 கோடி டாலர் வரை கடன்பத்திரம் எழுப்பச் சட்டம் இயற்றியது. அதை ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியிலிருந்தே அடைப்பார்கள். அணி வராவிட்டால் அந்த வரியும் இல்லை, கடனும் இல்லை. மற்ற மாநிலங்களின் ஏற்பாட்டைவிட இது பொதுமக்களுக்கு நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. வில்லமெட் ஆற்றங்கரையில் இடமும் பார்த்துவிட்டார்கள். பலவீனம் பணக்காரக் கம்பெனிகள் குறைவு என்பது. நைக்கி இருக்கிறது, இன்டெலின் பெரிய ஆலைகள் இருக்கின்றன, அதற்கப்புறம் பட்டியல் சீக்கிரம் வற்றிவிடுகிறது. அணியை வாங்கும் அளவுக்குக் கையில் பணமுள்ள முதலாளி வேண்டும்.

நாஷ்வில் லீகின் செல்லப்பிள்ளை. 20 லட்சம் மக்கள், வேகமாக வளரும் ஊர், இசைக்காக வரும் சுற்றுலாக் கூட்டம், சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. அட்லாண்டா, சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் மூன்றும் ஏறக்குறைய நான்கு மணி நேரத் தூரம். கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீக் ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்களே நடத்திய அணிகளின் மரபும் அங்கே உண்டு; அந்த மரபிலிருந்தே ஸ்டார்ஸ் என்ற பெயரை எடுத்து ஒரு குழு பல வருடங்களாக முயன்றுவருகிறது. ஆனால் கால்பந்து அணியான டைட்டன்ஸின் புது மைதானத்துக்கே அரசு 126 கோடி டாலர் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு இன்னொரு மைதானத்துக்கு வரி கேட்டு எந்த அரசியல்வாதி வருவார்?

வட கரோலினா விஷயத்தில் எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள், நாட்டின் ஒன்பதாவது பெரிய மாநிலம், ஒரு மேஜர் லீக் பேஸ்பால் அணி கிடையாது. சார்லட் பகுதியில் 26 லட்சத்துக்கு மேல். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகம் அங்கே. ட்ரூயிஸ்ட் வங்கிக்கும் அதுதான் தலைமையிடம். சீசன் டிக்கெட் வாங்கும் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. 260 கிலோமீட்டர் தள்ளி ராலி, டர்ஹம் பகுதி. பல்கலைக்கழகங்கள், மென்பொருள், மருந்து ஆய்வு, பெரிய அணி என்றால் ஹாக்கியின் ஹரிகேன்ஸ் மட்டும். இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பதால் மாநிலத்தின் பலம் பிரிகிறது. 1998-ல் மினசோட்டா ட்வின்ஸை கிரீன்ஸ்பரோ பக்கம் கொண்டுவரும் முயற்சி நடந்தது. மைதானத்துக்கான வரியை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ட்வின்ஸ் மினசோட்டாவிலேயே தங்கியது, 2010-ல் புது மைதானமும் பெற்றது. அந்த நிராகரிப்பு வட கரோலினாக்காரர்களின் நிதானத்தைக் காட்டுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன், ஆர்வமின்மையை அல்ல.

மான்ட்ரியாலைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன், டாட்ஜர்ஸுக்குப் போகுமுன் 1946-ல் ஆடிய ஊர். 1969-லிருந்து எக்ஸ்போஸ் அணி. 1994-ல் 74 வெற்றி, 40 தோல்வி என்று மேஜர் லீகிலேயே முதலிடத்தில் இருந்தபோது ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் வந்து மீதிச் சீசன் ரத்தானது. அடுத்த வருடம் தொடங்குமுன் நட்சத்திரங்களைப் பணத்துக்காக விற்றுத் தீர்த்தார்கள். அந்த நம்பிக்கைத் துரோகத்திலிருந்து ரசிகர்கள் மீளவில்லை. 2004-ல் கூட்டம் 7.5 லட்சத்துக்கு இறங்கியது, அணி வாஷிங்டன் போனது. இன்று அங்கே 43 லட்சம் மக்கள். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து, பேஸ்பால் அணி இல்லாத மிகப் பெரிய சந்தை அதுதான். 2014-ல் டொரன்டோ ப்ளூ ஜேஸ் இரண்டு காட்சி ஆட்டங்களை அங்கே ஆடியபோது 96,000 பேர் வந்தார்கள். டாம்பா அணி பாதி சீசனை மான்ட்ரியாலில் ஆடும் விநோதத் திட்டம் ஒன்றும் இருந்தது. 2022 ஜனவரியில் லீக் அதை நிராகரித்தது. தடை இரண்டு: நகர மையத்தில் மைதானம் கட்ட அரசுப் பணம் கிடைப்பது கடினம், வருமானம் கனடா டாலரில் வரும், சம்பளம் அமெரிக்க டாலரில் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர்லாண்டோ பெரியது, ஆனால் டாம்பா அணி இருக்கும்வரை அந்தப் பக்கம் இன்னொன்றுக்கு லீக் சம்மதிக்காது. சான் அன்டோனியோ, ஆஸ்டின் இரண்டும் சேர்ந்தால் பிரமாதமான சந்தை. ஹியூஸ்டனும் டாலஸ் பக்கத்து ரேஞ்சர்ஸும் தங்கள் டிவி எல்லையை விட்டுத்தர மாட்டார்கள். மெக்சிகோ சிட்டியின் மக்கள்தொகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் பந்து எங்கேயோ பறக்கிறது. 2023-ல் அங்கே நடந்த முதல் மேஜர் லீக் சீசன் ஆட்டத்தில் சான் டியேகோ பாட்ரேஸ் ஜயன்ட்ஸை 16-11 என்று வென்றது.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. லீக் தலைவர் ராப் மேன்ஃப்ரெட் 30 அணிகளை 32 ஆக்க விரும்புகிறார். 2029 ஜனவரியில் தன் பதவிக்காலம் முடிவதற்குள் இரண்டு ஊர்களையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். புது அணி வாங்குபவர் கட்டும் நுழைவுக் கட்டணம் மற்ற முதலாளிகளுக்குப் பங்காகப் போகும். 1998-ல் அது அணிக்கு 13 கோடி டாலர். டாம்பா அணியே 170 கோடிக்கு விலைபோன நிலையில், அடுத்த கட்டணம் எவ்வளவு உயரும் என்று ஊகிக்கலாம். பழைய அணி ஒன்று இடம் மாறினால் அந்தப் பணம் வராது. அத்லெட்டிக்ஸிடம் லீக் இடமாற்றக் கட்டணம்கூட வாங்கவில்லை. ஆக, போர்ட்லாண்டையோ நாஷ்விலையோ சார்லட்டையோ இடம் தேடி வரும் ஓர் அணிக்கு விட்டுக்கொடுத்தால், மற்ற 29 முதலாளிகளுக்கும் கைக்கெட்டிய பணம் போகிறது. நல்ல ஊர்களை லீக் விற்பனைக்குப் பொத்திவைத்திருக்கிறது.

அதனால் இனி வரும் இடமாற்றச் செய்திகளை இந்தக் கண்ணோட்டத்தில்தான் நான் படிப்பேன். சிகாகோ ஒயிட் சாக்ஸின் மைதானக் குத்தகை 2029-ல் முடிகிறது. 2023 டிசம்பரில் அந்த அணியின் முதலாளி ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் நாஷ்வில் மேயரைச் சந்தித்தார். சிகாகோ பத்திரிகைகள் உடனே பரபரப்பானது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் நாட்டின் மூன்றாவது பெரிய சந்தையை விட்டு ஓர் அணி 20 லட்சம் பேர் ஊருக்குப் போவதில் லீகுக்கு எந்த லாபமும் இல்லை. புது அணிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று என்று பிரிப்பதற்கே வாய்ப்பு அதிகம். மேற்கில் சால்ட் லேக் சிட்டி தயார்நிலையில் முந்துகிறது, நீண்ட காலத்துக்குப் போர்ட்லாண்டே உறுதியான ஊர் என்று நான் நினைக்கிறேன். கிழக்கில் லீகின் மனசு நாஷ்வில் பக்கம். என்னைக் கேட்டால், சார்லட்டும் ராலியும் ஒரே விண்ணப்பமாக வந்து நின்றால் அவர்களைத்தான் தேர்ந்தெடுப்பேன்.